பூனையின் தவமும் சுந்தராம்பாளின் திருநீறும்

மாமல்லபுரத்தில் ‘அருச்சுனன் தபசு’ என்று ஊரார் சொல்லும் பெரும்பாறைக்கு முன்னால் வழிகாட்டிகள் தவறாமல் கைநீட்டிக் காட்டுவது இரண்டு உருவங்களை. மேலே, விலா எலும்பு தெரிய ஒற்றைக்காலில் நின்று, தலைக்கு மேல் கைகளை உயர்த்தித் தவம் செய்பவர். கீழே, பெரிய யானைக்கு அருகில், அதே போல முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பூனை, சுற்றிலும் எலிகள். தவம் செய்பவர் அருச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பூனையைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. அது பொய்த்தவம். கூட்டம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடும்.

சிரிப்பு அடங்கிய பிறகு ஒரு கேள்வி மிஞ்சுகிறது. இரண்டு தவக்கோலங்களையும் ஒரே பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். நிற்கும் நிலையும் ஒன்றுதான். அப்படியானால் ஒன்றை மெய் என்றும் மற்றதைப் பொய் என்றும் எதை வைத்துச் சொல்வது? தமிழ்ச் சமயங்கள் பல நூற்றாண்டுகளாகக் கேட்டுவரும் இந்தக் கேள்வியை இருபதாம் நூற்றாண்டில் புதிய வடிவத்தில் கொண்டுவந்தது சினிமா. கூலி வாங்கிக்கொண்டு, சாயம் பூசிக்கொண்டு, கேமரா முன்னால் கண்ணீர் மல்கப் பாடும் நடிகையின் பக்தி யாருடையது?

இதைக் கே.பி. சுந்தராம்பாளை வைத்துக் கேட்பதுதான் பொருத்தம். 1908-இல் கொடுமுடியில் பிறந்தவர். வறுமையில் வளர்ந்து, நாடக மேடையில் குரலால் எழுந்தவர். கொழும்பு மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து பாடத் தொடங்கினார்; அந்த ஜோடி தமிழ் நாடக உலகையே ஆண்டது. 1927-இல் திருமணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். வாழ்க்கையில் கசப்பும் பிரிவும் வந்தன. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்றிலிருந்து வெள்ளைப் புடவை, நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம். எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற உறுதி. கடைசிவரை அதை மாற்றவில்லை.

அந்த உறுதியோடுதான் அவர் சினிமாவுக்கு வந்தார். 1935-இல் வெளியான ‘நந்தனா’ரில் நந்தனாராகவே நடித்தார். வேதியர் வேடத்தில் மகாராஜபுரம் விசுவநாதய்யர். சுந்தராம்பாளுக்குச் சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அன்றைக்கு நாடே வாய்பிளந்த தொகை. ஒரு பெண், ஆண் வேடத்தில், தில்லைக்குப் போகத் துடித்த ஏழை அடியாராக லட்ச ரூபாய்க்கு நடிக்கிறார். வேடம் பொய் என்று சொல்ல விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அதற்குப் பிறகு அவர் ஏற்ற பாத்திரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. 1940-இல் மணிமேகலை: பௌத்தத் துறவி. 1953-இல் ஜெமினியின் ‘ஔவையார்’. 1964-இல் ‘பூம்புகா’ரில் கவுந்தியடிகள்: சமணத் துறவி. 1965-இல் ‘திருவிளையாட’லில் மறுபடி ஔவை. 1973-இல் ‘காரைக்கால் அம்மையார்’. சைவம், பௌத்தம், சமணம் என்று மூன்று சமயத்தின் துறவுக்கோலத்தையும் திரையில் தாங்கியவர் தனிவாழ்வில் முருக பக்தர். பாத்திரத்தின் நம்பிக்கை நடிப்பவரின் நம்பிக்கையாகத்தான் இருக்க வேண்டுமென்றால் இவற்றில் பாதியை அவர் தொட்டிருக்கவே முடியாது.

இதற்குத் தமிழ்ச் சைவம் தரும் பதில் வியப்பானது. திருக்கோவலூர் அரசர் மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசி, சடை முடித்து, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு வருகிறான். குத்துகிறான். காவலன் தத்தன் வாளை ஓங்கும்போது அரசர் தடுத்து, வந்தவரைப் பத்திரமாக ஊரைக் கடத்திவிடச் சொல்கிறார். வேடம் தரித்தவன் கொலைகாரன் என்பது தெரிந்த பிறகும் வேடத்துக்குரிய மரியாதை குறையவில்லை. ஏனாதிநாதர் கதையும் இப்படித்தான். எதிரி கேடயத்தை விலக்கியபோது நெற்றியில் திருநீற்றைக் கண்டார். வெட்டவந்த கை நின்றுவிட்டது. வேடமே சிவம் என்றது அந்த மரபு.

அதே மரபுக்குள்ளேயே எதிர்க்குரலும் உண்டு. திருமூலர் தவவேடம் என்றும் அவவேடம் என்றும் பிரித்துப் பாடினார். வள்ளுவர் கூடாவொழுக்கம் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ காஞ்சித் தெருவில் நடக்கும் கேலி நாடகம். குடித்துவிட்டு மண்டையோட்டைத் தொலைத்த காபாலிகன், பிட்சுவைத் திருடன் என்கிறான். பஞ்சாயத்துக்குப் பாசுபதன் வருகிறான். கடைசியில் ஓட்டைத் தூக்கிப் போனது நாய் என்று தெரிகிறது. துறவுக்கோலத்தை இப்படிப் பிடித்து உலுக்கிய அரசனின் மகன்தான் மாமல்லன் நரசிம்மவர்மன். அப்பனின் கிண்டல் மகன் காலத்துப் பாறையில் பூனையாக ஏறியிருக்கலாம் என்று நினைப்பதில் தப்பில்லை.

வைணவம் இன்னும் ஒரு படி போய்விட்டது. அங்கே வேறொருவராக மாறிப் பேசுவதே பக்தியின் ஒரு வழி. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகிறார். திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகிறார். மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்தை அடுத்து இருக்கிறது திருவிடந்தை. கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் மாலையோடு வந்து நித்யகல்யாணப் பெருமாளைச் சுற்றும் ஊர். அந்தப் பெருமாளிடம் திருமங்கையாழ்வார் பேசுவது ஒரு தாயின் குரலில்: உன்னை நினைத்து என் மகள் உருகுகிறாள், அவளை என்ன செய்வதாக உத்தேசம் என்று. படை நடத்தியவர், வழிப்பறி செய்தவர் என்று குருபரம்பரை சொல்லும் மனிதர், மகளைப் பெற்ற தாயாக நின்று பாடியிருக்கிறார். அதைப் பொய் என்று எந்த உரையாசிரியரும் எழுதவில்லை. தன்னை விட்டு இன்னொருவராகும் அளவுக்கு மனம் கனிந்தது என்றே எடுத்துக்கொண்டார்கள்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் சுந்தராம்பாளின் மணிமேகலை விசித்திரமாகத் தோன்றாது. காப்பிய மணிமேகலையே வேடம் மாற்றியவள்தான். காயசண்டிகை உருவில் திரிந்தாள்; வஞ்சியில் ஆண் துறவி வடிவில் போய்ச் சமயவாதிகளைக் கேள்வி கேட்டாள்; பிறகு காஞ்சிக்கு வந்து அறவண அடிகளிடம் அறம் கேட்டுத் தவத்தில் அமர்ந்தாள். வேடங்கள் அவளை மெய்யிலிருந்து விலக்கவில்லை; அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தன.

ஆனால் நடிகைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சுந்தராம்பாளே காட்டினார். ‘பூம்புகார்’ படத்துக்குக் கதை வசனம் மு. கருணாநிதி. கோவலன் கொலைப்பட்டதும் கவுந்தியடிகள் பாடும் பாட்டில், தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்கும் வரி ஒன்று இருந்தது. அதைப் பாட அவர் மறுத்தார் என்பதும், கடவுள் நம்பிக்கையில்லாத கருணாநிதி அவருக்காக வரியை மாற்றிக் கொடுத்தார் என்பதும் திரையுலகில் பலமுறை சொல்லப்பட்ட செய்தி. சமணத் துறவியாக நடிக்கச் சம்மதித்தவர், அந்தத் துறவி துக்கத்தில் கேட்கக்கூடிய கேள்வியைக் கேட்கச் சம்மதிக்கவில்லை. நடிப்புக்கலையின் கணக்கில் இது குறை என்றே சொல்லலாம். பாத்திரத்தின் வலி அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் செய்யும். ஆனால் வாயால் வந்த சொல் வேடத்தோடு கலைந்துவிடாது என்று அவர் நம்பினார். வரியை எழுதியவருக்கு அது வசனம். பாட வேண்டியவருக்கு அது சாபம்.

அதே நூற்றாண்டில் ஹாலிவுட்டும் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியது, வேறு விதமாக. இங்கிரிட் பெர்க்மன் 1945-இல் ‘தி பெல்ஸ் ஆஃப் செயின்ட் மேரிஸ்’ படத்தில் கன்னிகாஸ்திரீயாகவும், 1948-இல் ஜோன் ஆஃப் ஆர்க்காகவும் நடித்தார். மக்கள் அவரையே புனிதையாகக் கொண்டாடினார்கள். அடுத்த ஆண்டு இத்தாலிக்குப் போய் இயக்குநர் ராபர்ட்டோ ரோசலினியைக் காதலித்தார். திருமணத்துக்கு முன்பே குழந்தை பிறந்தது. 1950 மார்ச்சில் எட்வின் ஜான்சன் என்ற உறுப்பினர் அமெரிக்க செனட்டிலேயே எழுந்து அவரைக் கண்டித்துப் பேசினார். விலைமாது வேடம் போட்ட நடிகையை அப்படிக் கூண்டில் ஏற்றியிருக்க மாட்டார்கள். பெர்க்மனின் குற்றம் காதல் மட்டுமல்ல. ரசிகர்கள் அவருக்குச் சூட்டிய புனிதத்தைக் கழற்றி வைத்ததும்தான்.

டோலோரஸ் ஹார்ட் எதிர்த் திசையில் போனார். எல்விஸ் பிரெஸ்லியோடு நடித்துப் புகழ்பெற்றவர். 1961-இல் ‘ஃபிரான்சிஸ் ஆஃப் அசிசி’யில் புனித கிளாராவாக நடித்தார். 1963-இல் சினிமாவை விட்டு, கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ரெஜினா லாடிஸ் மடத்தில் சேர்ந்து உண்மையாகவே கன்னிகாஸ்திரீ ஆனார். அவர் வேடத்திலிருந்து துறவுக்குப் போனவர். சுந்தராம்பாள் துறவிலிருந்து வேடத்துக்கு வந்தவர்.

இங்கே சுந்தராம்பாளைத் தெய்வமாக்கிவிட்டு நகர்வது சுலபம். அதற்கு முன் சங்கடமான ஒன்றையும் கேட்க வேண்டும். அந்த வெள்ளைப் புடவை அவர் தேர்ந்த தவம் என்பது உண்மை. கைம்பெண்ணுக்கு ஊர் விதித்த உடையும் அதுதான் என்பதும் உண்மை. மனைவியை இழந்த எந்த நடிகரும் வண்ணச் சட்டையைத் துறக்க வேண்டியிருக்கவில்லை. ஔவையாக அவர் நடந்து வந்தபோது அரங்கு கைகூப்பியதற்குக் குரல் ஒரு காரணம் என்றால், திரைக்கு வெளியேயும் அவர் அதே கோலத்தில் இருந்தது இன்னொரு காரணம். மறுமணம் செய்துகொண்டு பட்டுப் புடவையில் இருந்த ஒருத்தி அதே குரலில் பாடியிருந்தால் அதே கூட்டம் கைகூப்பியிருக்குமா? சந்தேகம்தான். அங்கே பக்தியோடு காவலும் கலந்திருந்தது.

காரைக்கால் அம்மையார் கதை இதே நரம்பைத் தொடுகிறது. கணவனுக்காகத் தாங்கிய அழகை உதறிப் பேயுரு வேண்டிப் பெற்றவர், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த திருவாலங்காட்டில் சிவன் ஆடலின் கீழ் அமர்ந்தார். ஊர் பெண்ணிடம் பார்க்க விரும்பும் உருவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதும் ஒரு விடுதலை. 65 வயதை நெருங்கிய சுந்தராம்பாளுக்கு அந்த வேடம் கச்சிதமாகப் பொருந்தியதில் ஆச்சரியமில்லை.

இத்தனை வாதத்துக்கும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்துக் கிராமங்கள் எப்போதோ ஒரு தீர்வு கண்டிருக்கின்றன. திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில் அருச்சுனன் தபசு கூத்து. அருச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே உயரமான தபசு மரத்தில் ஏறுகிறார். மேலிருந்து எலுமிச்சம்பழமும் திருநீறும் வீசுகிறார். குழந்தை வரம் வேண்டும் பெண்கள் ஈரப்புடவையோடு முந்தானை ஏந்தி நிற்கிறார்கள். மேலே இருப்பவர் யார், எந்த ஊர், இந்த ஆட்டத்துக்கு எவ்வளவு கூலி பேசினார்கள் என்பதெல்லாம் கீழே நிற்பவர்களுக்குத் தெரியும். இருந்தும் விழும் பழம் பிரசாதம்தான். விடிந்ததும் அவர் அரிதாரத்தைக் கழுவிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்தால் அவரிடம் யாரும் வரம் கேட்பதில்லை. அவர் பீடி பிடித்தால் யாரும் பதறுவதும் இல்லை. கூலியும் உண்டு, புனிதமும் உண்டு. இரண்டுக்கும் நேரம் வகுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சினிமா அந்த நேர எல்லையை அழித்தது. திரையில் தெரிந்த முகம் சுவரொட்டியிலும் பத்திரிகையிலும் நாள்காட்டியிலும் விடியாமலே நின்றது. கழுவிக்கொள்ள நடிகைக்குக் காலையே வரவில்லை.

ஆகவே நடிகையின் பக்தி மெய்யா பொய்யா என்ற கேள்விக்கு விடை அவருடைய நெஞ்சுக்குள் இல்லை. பொய்த்தவத்தைப் பொய்யாக்குவது ஏமாற்றப்படும் ஆள். முத்தநாதன் கத்தியை மறைத்தான். நடிகை எதையும் மறைப்பதில்லை. இது வேடம் என்று தெரிந்துதான் டிக்கெட் வாங்குகிறோம். அந்த இரண்டரை மணி நேரத்தில் நமக்கு வந்த கண்ணீர் நம்முடையது, அது மெய்யாகவும் இருக்கலாம். அதற்கு ஈடாக அவருடைய மீதி வாழ்நாளைக் கேட்பதுதான் அதர்மம். சுந்தராம்பாள் தானாக முன்வந்து அந்த விலையைக் கொடுத்தார். பெர்க்மனிடம் அதைப் பறிக்கப் பார்த்தார்கள்.

சுந்தராம்பாளின் தொழிலை அளக்க வேறு கணக்கு உண்டு. தமிழக மேலவை உறுப்பினரானார். 1969-இல் வந்த ‘துணைவன்’ படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றார். 1970-இல் பத்மஸ்ரீ. 1980-இல் காலமானார். தேசிய விருது அவர் பாடிய பாட்டுக்குக் கொடுக்கப்பட்டது.