கேன்வாஸுக்கு வந்த யந்திரம்

விழுப்புரம் மாவட்டத்துக் கோலியனூர் வாலீஸ்வரர் கோயில் கருவறையில் இருக்கும் லிங்கத்துக்கு முகமில்லை, கைகால் இல்லை. தீபாராதனை நேரத்தில் யாரும் அதைப் பார்த்து, இது என்ன வடிவம் என்று குழம்புவதில்லை. உருவம், அருவம், இரண்டுக்கும் இடைப்பட்ட அருவுருவம் என இறைவனின் திருமேனியை மூன்றாக வகுக்கும் சைவ சித்தாந்தம், லிங்கத்தை அருவுருவம் என்கிறது. ஆனால் அங்கே கைகூப்பிய அதே மனிதர் சென்னையில் ஓர் அரூப ஓவியத்தின் முன் நின்றால், ஒன்றும் விளங்கவில்லை என்று நகர்ந்துவிடுகிறார்.

அரூப ஓவியம் மேற்கிலிருந்து இறக்குமதியானது என்பார்கள். பாதிதான் சரி. 1882 முதல் அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் 1905-இல் ‘எண்ண வடிவங்கள்’ என்ற நூலை வெளியிட்டார்கள். பக்தியும் கோபமும் அதில் வெறும் நிறத்திட்டுகளாக, கூம்புகளாக, மின்னல் கீற்றுகளாக வரையப்பட்டிருந்தன. ஓவியர் கான்டின்ஸ்கி அந்த நூலை அறிந்திருந்தார். மாண்ட்ரியன் 1909-இல் அச்சபையின் நெதர்லாந்துக் கிளையில் உறுப்பினரே ஆனார். கண்ணுக்குத் தெரியாததை வரைய முடியுமா என்ற மதக் கேள்வி, அரூப ஓவிய இயக்கத்தின் கருவிலேயே இருந்தது.

சென்னையில் அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர்களில் முதன்மையானவர் கே.சி.எஸ். பணிக்கர். ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்தபோது, 1963-இல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையைத் தொடங்கினார். தூண்டியது ஒரு மாணவரின் கணக்கு நோட்டு. அந்த ஓவியங்களைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்: ஜாதகக் கட்டம், முக்கோணம், பாம்பு, மீன், இடையிடையே எறும்பு ஊர்வதுபோல் மலையாளச் சாயலில் பொடி எழுத்து. படிக்க முயன்றால் ஒரு சொல்லும் தேறாது. 1966-இல் அவரும் மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுப் பிழைத்துக்கொண்டே வரைந்தார்கள். அந்தத் துணிச்சலுக்குத் தமிழகம் உரிய மரியாதை செய்யவில்லை என்றே சொல்ல வேண்டும்.

அக்குழுவின் கே.வி. ஹரிதாசன் நேராக யந்திரத்துக்கே போனார். ‘பிரம்ம சூத்திரம்’ வரிசையில் வட்டமும் முக்கோணமும் ஒளிர்ந்தன. இங்கேதான் சிக்கல். செப்புத் தகட்டில் கீறிய யந்திரம் அழகுக்காக அல்ல. மந்திரம் ஜபித்து உரு ஏற்றி, பூஜை செய்தால்தான் அதற்குச் சக்தி என்பது நம்பிக்கை. கேன்வாஸில் ஏறிய யந்திரத்துக்கு மந்திரமும் இல்லை, நைவேத்தியமும் இல்லை. அதைப் புனிதம் என்று விற்பது நேர்மையாகாது. வெறும் அலங்காரம் என்று தள்ளுவதும் தவறு. பார்வையை ஒரு புள்ளியில் நிறுத்தும் வேலையை அது இன்னும் செய்கிறது. பணிக்கரோ வாசிக்கவே முடியாத எழுத்தைத் தந்து, பொருள் தேடும் அவசரத்தையே தடுத்துவிட்டார். இருவரில் அவர் வழிதான் ஆழமானது.

சடங்கை முழுக்க நீக்கியும் வடிவம் தெய்விகத்தைத் தாங்குமா? கோலியனூரிலிருந்து புதுச்சேரி சாலையில் போய் வடக்கே திரும்பினால், அதே விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டாரத்தில் அந்தச் சோதனை கட்டடமாகவே நிற்கிறது. 1971-இல் அடிக்கல் நாட்டி 2008-இல் நிறைவுற்ற ஆரோவில் மாத்ரிமந்திரின் உள்ளறையில் சிலை இல்லை, பூ இல்லை, ஊதுவத்தி இல்லை. வெள்ளைப் பளிங்குச் சுவர்கள், நடுவே 70 செ.மீ. விட்டமுள்ள ஒரு படிகக் கோளம், அதன்மேல் கண்ணாடி வழியே இறக்கப்படும் சூரியக் கதிர். அங்கே அர்ச்சனைக்கு இடமில்லை. உட்கார்ந்து மனதை ஒருமுகப்படுத்த மட்டுமே அனுமதி. கோயில் அல்ல என்று நிர்வாகமே சொல்லும் அந்த இடத்துக்கு, லிங்கத்தைக் கும்பிட்டுப் பழகிய கண்ணோடு போகிறவருக்கு அந்தக் கோளம் அவ்வளவு அந்நியமாகத் தெரிய வேண்டியதில்லை.