உங்களுக்கு மேலே யார்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுவை நோக்கிச் செல்லும் பேருந்தின் சன்னல் வழியே மரக்காணத்து உப்பளங்களைக் கண்டவர் நம்மில் பலர். மாசி, பங்குனி வெயிலில் பாத்திகள் பளபளக்கும். வரப்போரமாக அம்பாரம் அம்பாரமாய் உப்பு குவிந்து கிடக்கும். கடந்து செல்பவருக்கு அது கண்ணுக்கு விருந்து. பாத்தியில் இறங்கி வாருபவருக்கோ வெடித்த பாதங்களும், கண்ணைக் கூசவைக்கும் ஒளியும், சும்மாட்டின் மேல் ஏறி அமரும் கூடையுமே மிச்சம். கூடை சுமப்போரில் பெண்கள் மிகுதி. ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாத்திகள் நீரில் கரைந்துபோகும். பின்னர் தை பிறக்கும்வரை அவர்கள் வீட்டில் அடுப்பெரிவது கடனில்தான். மழைக்கால மாதங்களுக்கென ஆண்டுதோறும் 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-ஆம் ஆண்டு தொடங்கியது. அது ஓர் ஆறுதல், அவ்வளவே.

இக்கரையில் சில ஆண்டுகளுக்கு முன் நாம் கேட்ட ஒரு கேள்வி இன்னும் நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. பெண்களுக்கும் சுற்றுச்சூழலுக்குமாகப் பல நாடுகளில் பணியாற்றும் தொண்டு நிறுவனம் ஒன்றின் சார்பில் ஓர் அம்மையார் வந்திருந்தார். நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டாம். நல்ல மனம் படைத்தவர். வரப்பிலே செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தவர். கழிமுகத்தில் மரங்கள் நடுவது பற்றியும், பெண்களின் உரிமை பற்றியும் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் வயதில் மூத்த ஒரு தாய், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"ஏம்மா, உங்களுக்கு மேல யாரு இருக்காங்க?"

"எங்களுக்கு ஓர் ஆட்சிக்குழு இருக்குதும்மா. அவங்கதான் முடிவு எடுப்பாங்க."

"அதுல உப்பு வாரினவ யாராச்சும் இருக்காளா?"

அம்மையார் பொய் சொல்லவில்லை. "இல்லைம்மா. அடுத்த கூட்டத்துல கேக்குறேன்" என்றார்.

அக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஏழையின் பெயரால் செயல்படும் ஓர் அமைப்பை ஆளும் உரிமை யாருக்கு உரியது? அறிவுடையவருக்கா, பணம் தருபவருக்கா, அன்றி யாருடைய பெயர் சொல்லப்படுகிறதோ அவருக்கா?

இத்தகைய நிறுவனங்களின் ஆட்சிக்குழு செய்வது என்ன என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். அன்றாடப் பணியை அது செய்வதில்லை; அதற்குச் செயல் இயக்குநரும் பணியாளரும் உண்டு. இயக்குநரை அமர்த்துவதும் தேவையானால் நீக்குவதும், ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவதும், தணிக்கை அறிக்கையைப் படித்துக் கேள்வி கேட்பதும், நிறுவனம் தன் நோக்கத்தைவிட்டு விலகாமல் காப்பதும் ஆட்சிக்குழுவின் வேலை. அமெரிக்கச் சட்டவியலார் குழு உறுப்பினருக்கு மூன்று கடமைகளைக் கூறுவர்: கவனத்தோடு செயல்படுதல், சொந்த ஆதாயத்தை ஒதுக்கி நிறுவனத்தின் நலனுக்கு உண்மையாயிருத்தல், நிறுவப்பட்ட நோக்கத்துக்குக் கட்டுப்படுதல். நம் மொழியில் இவற்றுக்கெல்லாம் ஒரே சொல் உண்டு: அறங்காவல். பிறர் பொருளைத் தன் பொருள் அன்று என்ற நினைவோடு காத்தல்.

இவ்வகை அமைப்புகளில் உலகறிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெண்கள் சுற்றுச்சூழல் வளர்ச்சி அமைப்பு என்பது அமெரிக்க அரசியல்வாதி பெல்லா அப்சுக்கும் அவர் தோழி மிம் கெல்பரும் நியூயார்க்கில் தோற்றுவித்தது. ரியோ நகரில் 1992-இல் கூடவிருந்த புவி உச்சி மாநாட்டில் பெண்களின் குரல் ஒலிக்கவேண்டும் என்பதற்காக, 1991 நவம்பரில் மயாமி நகரில் அது ஒரு மாநாட்டைக் கூட்டியது. 83 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 1,500 பெண்கள் வந்தனர். அமைப்பை உருவாக்கியவர்களில் கென்யாவின் வங்காரி மாத்தாயும், நம் நாட்டின் வந்தனா சிவாவும் இருந்தனர். செல்வ நாட்டுப் பெண்கள் மட்டுமே கூடி ஏழை நாட்டுப் பெண்களுக்காகப் பேசுவது முறையன்று என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். மனிதர் பாதி, பெண்டிர் பாதி என்றிருக்கும் உலகில் பூமியைப் பற்றிய முடிவுகள் ஆடவர் மட்டுமே அமர்ந்த மேசைகளில் எடுக்கப்பட்டதைக் கண்டு எழுந்த அமைப்பு அல்லவா அது! தன் மேசையில் யார் அமர்கிறார் என்று அது கவலைப்பட்டதில் வியப்பில்லை.

ஆயினும் கண்டங்கள் பல இடம்பெறுவதும், வாழ்க்கை நிலைகள் பல இடம்பெறுவதும் ஒன்றல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து ஒருவர், ஆசியாவிலிருந்து ஒருவர் என்று நாற்காலிகளை நிரப்பிவிடலாம். அந்த ஒருவர் பெரும்பாலும் பட்டம் பெற்றவராகவும், ஆங்கிலம் அறிந்தவராகவும், ஒருவாரம் வேலையை விட்டுவிட்டு விமானம் ஏறக்கூடியவராகவும் இருப்பார். எந்த ஓர் அமைப்பின் மீதும் குற்றஞ்சாட்ட இதைக் கூறவில்லை. நூறு பக்க நிதி அறிக்கையை இரண்டு நாளில் படித்து முடிக்கவேண்டிய குழுவுக்கு வேறு யார்தான் செல்லமுடியும்?

இங்கேதான் குசராத்தின் சேவா அமைப்பு நினைவுக்கு வருகிறது. சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமாக எலா பட் அம்மையார் அகமதாபாத்தில் 1972-இல் அதைத் தொடங்கியபோது, 'முதலாளி யார் என்று சுட்டமுடியாதவர்களுக்குச் சங்கம் எதற்கு?' என்று தொழிலாளர் துறை பதிவு செய்யத் தயங்கியது. அன்று அச்சங்கத்தின் முதல் தலைவராக இருந்தவர் ஓர் ஆடவர். தாய்ச்சங்கமான நெசவாலைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் அவர். 1981-இல் அகமதாபாத்தில் இடஒதுக்கீட்டுக்கு எதிராகக் கலவரம் மூண்டபோது சேவா தலித் மக்களின் பக்கம் நின்றது. தாய்ச்சங்கம் அதை வெளியேற்றியது. வெளியேற்றப்பட்ட பின்னரே அது முழுமையாகத் தன் காலில் நின்றது என்பது வரலாற்றின் விந்தை.

அங்கே ஆட்சி எவ்வாறு நடக்கிறது? தொழில்வாரியாக உறுப்பினர்கள் தம் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கின்றனர். மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்தல். செயற்குழுவில் ஒவ்வொரு தொழிலுக்கும் அதன் உறுப்பினர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பங்கு உண்டு. பீடி சுற்றுபவரும், காய்கறி விற்பவரும், வயலில் கூலி வேலை செய்பவரும், ரண் பாலைநிலத்தில் உப்பு விளைவிக்கும் அகரியாப் பெண்களும் அச்சங்கத்தின் உறுப்பினர். நம் மரக்காணத்துத் தாய் கேட்ட கேள்விக்கு 'ஆம், இருக்கிறாள்' என்று விடைகூறும் வாய்ப்புள்ள அமைப்பு அது.

"படிப்பறியாதவர் குழுவில் அமர்ந்து என்ன செய்வர்?" என்ற கேள்வி அங்கும் எழாமலில்லை. 1974-இல் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தமக்கென ஒரு கூட்டுறவு வங்கியைத் தொடங்கினர். கையெழுத்துப் போடத் தெரியாதவர் வங்கி நடத்துவதா என்று ஐயப்பட்டனர் அதிகாரிகள். பதிவுக்குக் கையொப்பமிடவேண்டிய பதினைந்து பெண்களும் இரவெல்லாம் விழித்திருந்து தம் பெயரை எழுதப் பழகினர். மறுநாள் பிழையின்றிக் கையெழுத்திட்டனர். பெயரெழுதக் கற்றதனால் வட்டிக் கணக்கு வந்துவிடுமா என்று நம் வாசகர் கேட்கலாம். வராதுதான். கணக்கறிந்தவரை ஊதியத்துக்கு அமர்த்திக்கொள்ளலாம். அவரிடம் கணக்குக் கேட்கும் உரிமையை ஊதியத்துக்கு அமர்த்திக்கொள்ள முடியாது.

நம் நாட்டுச் சட்டங்களும் ஆட்சிக்குழுவை வலியுறுத்துகின்றன. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குழுவில் மூவருக்குக் குறையாமல் இருக்கவேண்டும். பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மிகலாகாது. ஆண்டுதோறும் பொதுப்பேரவை கூடவேண்டும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2020-இல் திருத்தப்பட்டபின் பிடி மேலும் இறுகியது: நிர்வாகச் செலவு ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது, பணம் வந்திறங்குவது புதுதில்லியில் உள்ள ஒரே வங்கிக் கிளையில். எல்லாம் சரி. ஆனால் இக்கணக்குகள் அனைத்தும் மேல்நோக்கியே ஏறுகின்றன. கொடுத்தவர் கேட்கிறார், அரசு கேட்கிறது. யார் பெயரால் வாங்கப்பட்டதோ, அவளுக்கு ஒரு துண்டுத்தாளும் போவதில்லை.

மரக்காணத்துக்கு அதிகத் தொலைவில் இல்லாத உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் ஆயிரத்து நூறு ஆண்டுகளாக வேறொரு பாடத்தைச் சொல்லிக்கொண்டு நிற்கின்றன. முப்பது குடும்பிலிருந்தும் குடவோலை வழியே வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறை அது. வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள், பதவி ஓராண்டுக்கே. முன்னர் பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் நிற்கலாகாது. அவன் உறவினரும் நிற்கலாகாது! இன்றைய சட்டம் எதிலும் இவ்வளவு கண்டிப்பை நாம் கண்டதில்லை. ஆனால் அதே கல்வெட்டு, கால்வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையும் இல்லாதவனை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. வேதக் கல்வியையும் கேட்கிறது. பெண்ணைப் பற்றியோ பேச்சே இல்லை. நேர்மையான குழுவும் நீதியான குழுவும் ஒன்றாய்த்தான் இருக்கவேண்டும் என்பதில்லை போலும்.

அப்படியானால் உப்பு வாருபவரைக் குழுவில் அமர்த்திவிட்டால் போதுமா? இங்கேதான் நம் சிந்தனை தடுமாறுகிறது. மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி ஏரி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஐயாயிரம் எக்டேருக்கு மேற்பட்ட பரப்பு. கடல்கடந்து வரும் பறவைகளுக்கு அது குளிர்கால வீடு. நாளை ஓர் உப்பளத்தை விரிப்பதா, சதுப்பு நிலத்தை விட்டுவைப்பதா என்ற கேள்வி எழுந்தால், கூலி தேவைப்படும் பெண் எதற்குக் கை தூக்குவாள்? பறவைக்கு வாக்கில்லை, இன்னும் பிறவாத பேரக்குழந்தைக்கும் வாக்கில்லை. சுற்றுச்சூழலுக்கென்று அமைந்த நிறுவனம், பேச முடியாதவற்றுக்காகவும் பேசக் கடமைப்பட்டது. ஆகவே உறுப்பினரின் விருப்பமே நோக்கம் என்றும் சொல்லிவிட முடியாது. மூன்றாவது கடமையான நோக்கத்துக்குக் கட்டுப்படுதல் அவளையும் கட்டும்.

எனினும், அப்பெண் தவறாக வாக்களிக்கக்கூடும் என்பது அவளை வெளியே நிறுத்தக் காரணமாகுமா? பட்டம் பெற்றவர் தவறாக வாக்களித்ததே இல்லையா? கடற்கரையெங்கும் இறால் பண்ணைகளை வெட்டலாம் என்று சொன்ன நிபுணர்களும் இருந்தார்கள்தானே. சதுப்பைக் காக்கவேண்டும் என்று முடிவெடுக்கும் குழுவில் அவள் இருந்தால், 'சரி, அப்படியானால் இவ்வாண்டு என் கூலிக்கு என்ன வழி?' என்ற கேள்வியும் அதே அறையில், அதே நாளில் எழும். அவள் இல்லாத குழுவில் அக்கேள்வி எழுவதே இல்லை. தியாகம் எப்போதும் இல்லாதவர் தலையில் விழுகிறது.

பிறர் வீட்டுக் கணக்கை இவ்வளவு பேசிவிட்டு நம் வீட்டைப் பேசாதிருப்பது அழகன்று. பங்குதோறும் நிதிக்குழு இருக்கவேண்டும் என்பது 1983-இன் திருச்சபைச் சட்டம். மக்கள் அளித்த காணிக்கைக்கு மக்களிடமே கணக்குக் கூறவேண்டும் என்பதும் அதே சட்டம். நாம் பணியாற்றிய பங்குகளில் அக்குழுவில் யாரை அமர்த்தினோம்? ஓய்வுபெற்ற ஆசிரியர், கடைக்காரர், வங்கியில் பணிபுரிபவர். நல்லவர்கள், கணக்கறிந்தவர்கள். கூலிக்குப் போகும் ஒரு பெண்ணைக்கூட நாம் அழைத்ததில்லை. அழைக்கவேண்டும் என்று தோன்றியதுமில்லை. அந்தத் தாய் அம்மையாரிடம் கேட்டதை நல்லவேளையாக நம்மிடம் கேட்கவில்லை என்று அன்று மனத்துக்குள் நிம்மதியடைந்ததையும் மறைப்பதற்கில்லை.

அந்த அம்மையார் சொன்னபடி கேட்டாரோ என்னவோ, மறு ஆண்டு ஒரு செய்தி வந்தது. இக்கரையிலிருந்து ஒரு பெண்ணை ஆலோசனைக் கூட்டத்துக்கு அனுப்ப இயலுமா என்று விசாரித்திருந்தனர். ஆட்சிக்குழு அல்ல, ஆலோசனைக் கூட்டந்தான். அந்தத் தாயிடம் சொல்லச் சென்றோம். வரப்பில் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"போறேன் சாமி. ஆனா அவுங்க பேசுறத எனக்குத் தமிழ்ல சொல்ல ஒரு ஆளு வேணும். நான் சொல்றத அவுங்களுக்கு அப்புடியே சொல்லணும், மாத்திச் சொல்லக்கூடாது. அப்புறம், கூட்டத்த ஐப்பசிக்கு மேல வைக்கச் சொல்லுங்க. உப்பு வார்ற நாளுல வெச்சா நான் எப்புடி வருவேன்?"

சொன்னபடியே எழுதி அனுப்பினோம்.