சாமியைக் கேட்கலாம், அத்தையை?

எங்கள் ஊர்க் கலைக்கூடத்தில் அடுத்த மாதம் இரண்டு கண்காட்சிகள். முதலில் ஊர்க்காரர்களின் பழைய, புதிய புகைப்படங்கள். அது முடிந்ததும் வீடுகளில் இருக்கும் சாமி ஓவியங்கள். இரண்டுக்குமே எங்கள் வீட்டில் கேட்டு வந்தார்கள்.

தகராறு சாமி படத்துக்குத்தான் வரும் என்று நினைத்தேன். பாட்டி காலத்துத் தஞ்சாவூர் ஓவியம். வெண்ணெய் உருண்டையோடு கிருஷ்ணன். பலாப் பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புக் கலவையை மேடாக வைத்து, மேலே தங்க ரேக்கு ஒட்டியது. முழங்கைப் பக்கம் ரேக்கு உரிந்து வெள்ளை தெரிகிறது. கண்ணாடிமேல் அடுக்கடுக்காகச் சந்தனப் பொட்டு. அம்மா உடனே சம்மதித்துவிட்டாள். "நாலு நாள் விளக்கு இல்லேன்னா கோவிச்சுக்க மாட்டான். பொட்டை மட்டும் துடைச்சுடப் போறாங்க, சொல்லி வை."

பக்தி இப்படிச் சுலபமாக இடம் விட்டுக் கொடுக்கிறது. தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் நிற்கிறார். 1011ஆம் ஆண்டுச் செப்புத் திருமேனி. ஒரு காலைக் குறுக்கே வைத்து, காளைமேல் கையூன்றிச் சாய்ந்திருக்கிறார், காளைதான் இல்லை. கோயிலில் பட்டும் மாலையுமாக இருந்திருந்தால் அந்த இடுப்பின் ஒயிலை நான் எங்கே பார்த்திருப்பேன்? அங்கேயும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. காவலர்கள் தடுப்பதில்லை.

சாமிக்குப் பேச ஆளும் இருக்கிறது. 1976இல் பத்தூரில் மண்ணுக்கடியில் கிடைத்து லண்டன்வரை கடத்தப்பட்ட நடராசருக்காக நடந்த வழக்கில், பாழடைந்த கோயிலையே ஒரு தரப்பாக அங்குள்ள நீதிமன்றம் ஏற்றது. 1991இல் அவர் இந்தியா திரும்பினார்.

புகைப்படத்தில் இருக்கிறவருக்கு யார் பேசுவது?

புகைப்படக் கண்காட்சிக்காரர்கள் ஆசைப்பட்டது தாத்தா இறந்த அன்று எடுத்த படத்துக்கு. நாற்காலியில் உட்கார்த்தி, மாலை போட்டு, குடும்பமே சுற்றி நிற்கும் படம். அந்தக் காலத்தில் இதற்கென்றே ஸ்டுடியோக்காரரைக் கூட்டி வருவார்கள். பலருக்கு ஆயுளில் எடுத்த ஒரே படமும் அதுதான். தாத்தாவின் நெற்றியில் காசு, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி. பின்வரிசையில் அத்தை, முந்தானையால் வாயைப் பொத்தியபடி. "இதைத்தான் சார் முதல்ல மாட்டணும்" என்றார் அமைப்பாளர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஓர் ஊர் எப்படித் துக்கம் காத்தது என்பதை இதைவிட எந்தப் படம் சொல்லும்? எனக்கும் கொடுக்க ஆசைதான். ஆனால் அதில் நிற்கிறவர்கள் வீட்டுக் கூடத்துச் சுவருக்காக நின்றவர்கள். முன்பின் தெரியாதவர்கள் கையில் காபியோடு நின்று பார்ப்பதற்காக அல்ல. கலை என்று பெயர் வைத்துவிட்டால் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் படித்தவர்களுக்கே அதிகம் வருகிறது.

தாத்தாவைக் கேட்க முடியாது. அத்தை மன்னார்குடியில் இருக்கிறாள், போன் போட்டேன்.

"அவரை யாரு வேணா பாக்கட்டும்டா. நான் அழுதுக்கிட்டு நிக்கிறதை எதுக்கு ஊரு பாக்கணும்?" கொஞ்சம் கழித்து அவளே சொன்னாள்: "எனக்குக் கல்யாணம் பேசுறப்ப ஸ்டுடியோவுல எடுத்தது இருக்கே, பின்னாடி ஏரியும் படகும் எழுதின திரை, அதைக் குடு. கீழ என் பேரைப் பெருசா போடச் சொல்லு. மாமா பேரெல்லாம் வேணாம்."

அதைத்தான் கொடுத்தேன். இந்த மாதிரிப் படம் ஏற்கெனவே நிறைய வந்திருக்கிறதே என்று அமைப்பாளர் இழுத்தார். வரட்டுமே, எல்லாவற்றையும் மாட்டுங்கள் என்றேன்.