கோப்பை மூடும் உரிமை யாருக்கு?

பத்தொன்பது வயதில் வாள்வெட்டுக் குழுவொன்றோடு திரிந்து, தண்டனை அனுபவித்துத் திருந்திய யாழ்ப்பாணத்து இளைஞன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். முப்பது வயதில் கட்டாருக்குப் போகப் புறப்படுகிறான். ஏஜென்சியில் பொலிஸ் ரிப்போட் கேட்கிறார்கள். பழைய வழக்கு அதில் பதிவாகி வந்தால் பயணம் அத்தோடு நின்றுவிடும். நீதிமன்றம் விதித்த தண்டனை முடிந்த பிறகும் இப்படியொரு தண்டனையைத் தொடர யாருக்கு உரிமை உண்டு?

இங்கிலாந்தில் 1974 ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறித்த காலம் கடந்தால் பல தண்டனைகளை வேலை தருபவரிடம் சொல்ல வேண்டியதில்லை. சிறுவர்களோடு பழகும் பணி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. இலங்கையில் அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை. இருப்பது ஜனாதிபதியின் மன்னிப்பு அதிகாரம்.

அந்த அதிகாரம் எப்படிப் பயன்பட்டது என்பது யாழ்ப்பாணத்தின் மிருசுவில் ஊருக்குத் தெரியும். 2000 டிசம்பரில், இடம்பெயர்ந்திருந்த நிலையில் தங்கள் வீடு வளவைப் பார்க்கப் போன எட்டுப் பேர், ஐந்து வயதுப் பிள்ளை உட்பட, அங்கே கொல்லப்பட்டார்கள். தப்பிய ஒருவரின் சாட்சியம் வழக்கைத் தாங்கியது. அந்தக் கொலைகளுக்காக 2015 இல் இராணுவ சார்ஜன்ட் ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019 இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவருக்குப் பொதுமன்னிப்பு அளித்தார். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் குரலுக்கு அதில் இடமே இருக்கவில்லை.

மறுபுறம், 2009 இல் போர் முடிந்த பிறகு, விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்தவர்கள் என்று புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்ட ஏறத்தாழ 12,000 பேரில் மிகப் பெரும்பாலானோரை எந்த நீதிமன்றமும் குற்றவாளியாகக் காணவில்லை. புனர்வாழ்வு முடிந்தது என்று விடுவித்ததும் அரசுதான். ஆனாலும் புலனாய்வாளர்கள் படலைக்கு வந்து விசாரிக்கிறார்கள். “இயக்கத்தில இருந்தவரோ?” என்ற கேள்வி வேலை கேட்டுப் போகும் இடத்திலும் எழுகிறது. தீர்ப்புகளை மட்டும் மறைக்கும் சட்டம் வந்தால் இவர்களுக்குப் பயனில்லை. தீர்ப்பே இல்லாமல் பேணப்படும் பெயர்ப்பட்டியல்களையும் அது கட்டுப்படுத்த வேண்டும்.

வாள்வெட்டில் கையை இழந்தவரின் காயத்துக்குக் காலாவதி உண்டா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வேலை தருபவரின் கண்ணிலிருந்து பதிவை மறைப்பது தீர்ப்பை அழிப்பதாகாது. நீதிமன்றக் கோப்பு இருக்கும், உண்மையும் இருக்கும். திருந்தியவனை வேலையில்லாமல் அலையவிடுவதால் காயப்பட்டவருக்கு எதுவும் திரும்பக் கிடைப்பதில்லை.

தண்டனை முடிந்து இத்தனை ஆண்டு கழிந்தால் பதிவை மறைக்கலாம் என்று சட்டம் வரையறுக்கட்டும். கொலை, சித்திரவதை, சிறுவர் மீதான பாலியல் குற்றம் ஆகியவற்றுக்கு அந்தச் சலுகை வேண்டாம். பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் எந்த மன்னிப்பும் வழங்கப்படக் கூடாது. வடக்கின் பாராளுமன்ற உறுப்பினர்கள் இதைத் தனிநபர் சட்டமூலமாகவேனும் சபைக்குக் கொண்டுவர வேண்டும்.