இறக்குதல்

காம்யு 1942இல் வெளியிட்ட சிஸிபஸ் பற்றிய நூல் நம் எழுத்தாளர்களிடையே வேண்டிய அளவு பேசப்பட்டாயிற்று. கல்லை மலையுச்சிக்குத் தள்ளுகிறவன், அது உருண்டதும் வெறுங்கையோடு கீழே நடக்கிறவன், அந்த நடையில் அவனுக்குள் விழித்துக்கொள்ளும் பிரக்ஞை – எல்லாம் நமக்குப் பழகிவிட்டன. ஒரு விஷயம் மட்டும் கவனிக்கப்படவில்லை. சிஸிபஸ் ஏற்றுகிறான், இறக்குவதில்லை. கல் தானே உருண்டுவிடுகிறது. அது உடையாது. கீழே ஆளும் கிடையாது. அவன் அவஸ்தை எவ்வளவு பெரிதானாலும், இன்னொரு மனிதனை முன்னிட்ட தார்மீகப் பிரச்னை எதுவும் அதில் எழ வழியில்லை.

நாம் அறிந்த சுமைகள் அப்படிப்பட்டவை அல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரையில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு ரயில் வெள்ளத்தின் நடுவே நின்றுபோயிற்று. இப்படி மூழ்கி எழுந்த மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பக் கூடாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மனிதனைச் சுமந்த வண்டியை இன்னொரு வண்டியில் ஏற்றித்தான் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஏற்றுவதில் சிக்கல் குறைவு. 100 சி.சி. வண்டி சுமார் 110 கிலோ. பலகையைச் சாய்த்து, ஒருவன் ஹாண்டிலைப் பிடிக்க, இருவர் பின்னாலிருந்து தள்ளினால் ஒரே மூச்சில் ஏறிவிடும். எடை எதிர்க்கிறது, உடம்பு தள்ளுகிறது, அவ்வளவுதான். இறக்கும்போது எடை நம் கட்சியில் சேர்ந்துகொள்கிறது. ஆபத்து அதுதான். பின்சக்கரம் முதலில் இறங்க, பாரம் அதன்மேல் சாய்கிறது. கைக்கு எட்டுவது முன்பிரேக். அதை அழுத்தினால் லேசாகிப்போன முன்சக்கரம் சறுக்கும். பின்பிரேக் காலுக்குரியது, காலோ பலகையில் ஊன்றியிருக்கிறது. எனவே அனுபவஸ்தன் வண்டியை கியரில் போட்டு, கிளச்சைக் கொண்டு இறக்குகிறான். பிடித்தால் ஓடும், விட்டால் நிற்கும்.

இந்த வேலையில் யார் எங்கே நிற்கிறார்கள்? மேலே ஹாண்டிலைப் பிடித்திருப்பவன் பெரும்பாலும் சொந்தக்காரன். கீழே நெஞ்சைக் கொடுத்துத் தாங்குகிறவன் கூலிக்கு வந்தவன். ‘மெல்ல, மெல்ல’ என்று மேலிருந்து வருகிற குரல் வண்டியை உத்தேசித்ததா, அவனை உத்தேசித்ததா என்று அவனுக்குத் தெரியும். சறுக்கினால் மேலே நிற்பவன் கையை எடுத்துவிடலாம். கீழே நிற்பவனுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. தார்மீகம் என்று நாம் பெரிதாகப் பேசுவது இந்த ஏற்றத்தாழ்விலிருந்து தொடங்குகிறது என்பது என் எண்ணம். நான் விட்டால் யார்மேல் விழும்? சிஸிபஸுக்குத் தேவைப்படாத கேள்வி இது.

நம் மொழி இதை அறிந்திருக்கிறது. ‘பொறு’ என்றால் தாங்கு. அதிலிருந்து பொறை, பொறுமை, பொறுப்பு. பொறையுடைமை அதிகாரத்தை வள்ளுவர் நிலத்தைக் காட்டித்தான் தொடங்குகிறார். வெட்டுகிறவனையும் தாங்குகிற நிலம். ஆனால் நடைமுறையில் இந்தச் சொற்கள் ஆளுக்கொன்றாகப் பங்கிடப்பட்டுவிட்டன. பொறுமை கீழே நிற்பவனுக்கு உபதேசமாகவும், பொறுப்பு மேலே நிற்பவனுக்குப் பதவியாகவும் போய்ச் சேர்ந்தன.

ஆழ்வார்திருநகரியில் வைகாசியில் ஒன்பது பெருமாள்கள் ஒன்பது கருடன்மேல் வருகிறார்கள். நம்மாழ்வாருக்கு அன்ன வாகனம். வாகனம் என்றால் சுமப்பது. இங்கே வாகனத்தையே மனிதர்கள் சுமக்கிறார்கள். வைணவத்தில் ‘தோளுக்கினியான்’ என்றே ஒன்றுக்குப் பெயருண்டு. யார் தோளுக்கு இனியான், பெயர் வைத்தவன் தோள் கொடுத்தானா என்று கேட்கலாம். கேட்பது சுலபம். தாங்குகிறவர்கள் அதைப் பாக்கியம் என்றால் மறுக்க நமக்கு உரிமையில்லை. அங்கே கவனிக்க வேண்டியது வேறு: தண்டின் கீழ் எல்லோரும் ஒரே மட்டத்தில் நிற்கிறார்கள். ஒருவன் நழுவினால் பக்கத்துத் தோள் உடனே அறிந்துவிடும். மேலே நின்று ‘மெல்ல’ என்று சொல்ல எந்த மனிதனுக்கும் அங்கே இடமில்லை.

சுமைதாங்கிக் கல்லையும் யோசிக்க வேண்டும். நட்ட இரண்டு கல்மேல் குறுக்கே ஒரு கல். தலைச்சுமைக்காரன் பிறர் கையை எதிர்பாராமல் இறக்கி வைக்கவும், திரும்ப ஏற்றிக்கொள்ளவும் தோதான உயரம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். அவளால் இறக்க முடியாமற்போன சுமைக்காக, முகமறியாதவன் சுமையை இறக்க ஓர் இடம். நம் சமூகம் செய்த நுட்பமான காரியங்களில் இது ஒன்று. இதில் ஒரு தப்பித்தலும் உண்டு. அவள் உயிரோடிருந்த நாளில் நீர்க்குடத்தையும் விறகுக்கட்டையும் இறக்க யார் கை கொடுத்தார்கள் என்பதைக் கல் சொல்வதில்லை.

கல் விட்டுவிட்டு ஓடாது, அதனால் முடியாது. அதைப் புகழ அர்த்தமில்லை. பலகையின் மேல்முனையில் நிற்பவனால் முடியும். கீழே நிற்பவன் முகம் வண்டி மறைப்பில் அவனுக்குத் தெரிவதுகூட இல்லை. தெரியாத அந்த முகத்தை முன்னிட்டு அவன் விரல்கள் கிளச்சில் என்ன செய்கின்றன என்பதுதான் விஷயம்.