அகத்தியர் மலைக்குப் பை கட்டும்போது



இனயத்துல கடலைப் பார்த்தே வளர்ந்த நாங்க அஞ்சு பேர் அகத்தியர் மலை ஏறப் போறோம். உயரம் 1868 மீட்டர். கேரள வனத்துறை அனுமதி வாங்கி, போணக்காட்டிலிருந்து நடந்து, அதிருமலை முகாமில் ராத்தங்கல்.

ஒருத்தனுக்கு முட்டுவலி. "அவன் வந்தா லேட்டாகும்"னு குரூப்பில் மெசேஜ். எனக்கு இடும்பன் ஞாபகம்தான் வந்தது. அகத்தியர் சொல்படி சிவகிரி, சக்திகிரி ரெண்டையும் காவடியா சுமந்தவர் அவர். நடுவழியில் களைச்சுப்போய் இறக்கி வச்சார். அந்த சிவகிரிதான் பழனி மலை! களைச்சவன் இறக்கி வச்ச இடத்துலதான் நம்ம அப்பன் நிக்கான். படியேறும்போது இடும்பனைக் கும்பிட்டுட்டுத்தானே மேலே போறோம்?

அதனால அவனும் வாறான். அவன் பையை மாறி மாறி சுமப்போம். அதிருமலைக்கு மேல அவனுக்கு முடியலன்னா, கூட இருக்க என் பேரைக் கொடுத்தாச்சு.