நிறுத்தக் கூடாத வேலைக்குக் கூலி என்ன?

தொலைபேசியில் 1990 என்ற இலக்கத்தை அழுத்தினால் அம்புலன்ஸ் வண்டி வரும். அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. வென்னப்புவ தொடக்கம் கற்பிட்டி வரை நம் கரையோரத்தில் இதை அறியாத வீடு அநேகமாக இல்லை. (புத்தளத்தவருக்கு 1990 என்றதும் முதலில் ஓர் ஆண்டுதான் நினைவுக்கு வரும். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் உடுத்த உடையோடு இக்கரைக்கு வந்து சேர்ந்த ஆண்டு அது. அதே இலக்கம் இப்போது வேறொரு ஆபத்து வேளைக்கும் உரியதாகியிருக்கிறது.)

வண்டியில் இருவர் வருகிறார்கள். ஒருவர் சாரதி, மற்றவர் அவசர மருத்துவ உதவியாளர். பின்கதவைத் திறந்து இறங்கும் அந்தப் பிள்ளையிடம், "தம்பி, கெதியாய் வாரும்" என்கிறோம். "தங்கச்சி, அப்பாவுக்கு மூச்சு வருகுதில்லை" என்று கதறுகிறோம். அவர் மூச்சுக்கு வழி செய்து, இரத்தத்தை நிறுத்தி, உடைந்த காலை அசையாமல் கட்டி, ஆடுகிற வண்டிக்குள் முழந்தாளிட்டபடியே நோயாளியை உயிரோடு ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டு சேர்க்கிறார். பாலாவியிலிருந்து கற்பிட்டிக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். அந்த வழி முழுவதும் அவர்தான் வைத்தியர், அவர்தான் தாதி. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் அவர் கையில் எவ்வளவு கிடைத்தது என்று, வாசகரே, நீர் என்றாவது கேட்டதுண்டா?

அந்நியர் சம்பளத்தைக் கேட்பது நாகரிகமல்ல என்பீர். இந்தச் சம்பளத்தில் நமக்கும் ஒரு பங்கு இருப்பதனால்தான் கேட்கச் சொல்கிறேன்.

இந்தச் சேவை வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லி விடலாம். 2016 யூலையில் இந்திய அரசின் நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு அது தொடங்கியது. நன்கொடை ஏறக்குறைய 76 இலட்சம் அமெரிக்க டொலர். அந்நாளில் பிரதி அமைச்சராக இருந்த ஹர்ஷ டி சில்வா இதற்காக முன்னின்றார்; எதிர்ப்பும் பலமாகவே இருந்தது. முதலில் சேர்ந்தவர்கள் ஐதராபாத்தில் பயிற்சி பெற்றார்கள். 2018இல் மேலும் ஒன்றரைக் கோடி டொலரும் 209 வண்டிகளும் வந்தன. அவ்வாண்டு யாழ்ப்பாணத்தில் ஆரம்பித்து ஏனைய மாகாணங்களுக்கும் சேவை விரிந்தது. அதே ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் சுவசெரிய மன்றத்தை அமைத்தது. வண்டியை நன்கொடையாக வாங்கலாம். ஆனால் வண்டிக்குள் இருப்பவருக்கு மாதந்தோறும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அதை எந்த அயல்நாடும் நமக்காகக் காலமெல்லாம் கொடுக்கப் போவதில்லை. இலவசம் என்ற சொல் நோயாளிக்குத்தான் பொருந்தும். யாரோ ஒருவர் அந்தச் செலவைச் சுமக்கிறார். வரி கட்டுகிற நாம் எல்லோரும் சேர்ந்து சுமந்தால் அது நீதி. வேலைக்குப் புதிதாய் வந்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளை குறைந்த சம்பளத்தின் வழியாக அதைச் சுமப்பதானால், நாம் அவரிடமிருந்து தர்மம் வாங்கிக் கொண்டிருக்கிறோம் என்பதே பொருள்.

"இது சேவையல்லவா? சேவைக்குக் கணக்குப் பார்க்கலாமா?" என்று கேட்பவர்கள் நம்மிடையே அதிகம். கேட்பவர் பெரும்பாலும் நல்ல மனிதராகவே இருப்பார். ஆனால் நம் கரையில் கரைவலை இழுப்பதைப் பாரும். விடியற்காலையில் வந்து கயிற்றைப் பிடித்தவனுக்கு வலை கரையேறியதும் பங்கு உண்டு. மீன் ஊருக்கு உணவாகிறது, ஆகவே நீ செய்தது சேவை, பங்கு கேளாதே என்று எந்தச் சம்மாட்டியும் அவனிடம் சொன்னதில்லை. சொன்னால் மறுநாள் கயிறு இழுக்க ஆளிராது. உணவு தருபவனிடம் சொல்லக் கூசுகிறதை உயிர் காப்பவனிடம் மட்டும் எப்படி இலகுவாகச் சொல்லுகிறோம்?

நல்ல சமாரியனின் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அடிபட்டவனைத் தூக்கிச் சென்றவனின் இரக்கத்தையே எல்லாப் பிரசங்கங்களும் பேசுகின்றன. சத்திரக்காரனைப் பற்றி எவரும் பேசுவதில்லை. சமாரியன் புறப்படும்போது அவன் கையில் இரண்டு தெனாரியம் கொடுத்தான். மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னான். திராட்சைத் தோட்ட உவமையின்படி ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஆகவே இரண்டு நாள் கூலி முன்பணம். இரவெல்லாம் காயம்பட்டவனைக் கவனிக்க வேண்டியவன் அந்தச் சத்திரக்காரன்தான். அவன் கூலி வாங்கியதற்காக இரக்கமற்றவன் என்று உவமை எங்கும் குறை சொல்லவில்லை. இரக்கம் காட்டியவன்தான் கூலியையும் கொடுத்தான் என்பது கவனிக்கற்பாலது.

இனி உண்மையான சிக்கலுக்கு வருவோம். 2024 சனவரியில் வைத்தியர்களுக்கான ஒரு கொடுப்பனவு 35,000 ரூபாவிலிருந்து 70,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. எந்நேரமும் கடமைக்கு அழைக்கப்படுவதற்கும் போக்குவரத்துக்குமான படி அது. எக்ஸ்-றே எடுப்பவர், இரத்தம் பரிசோதிப்பவர், மருந்து கொடுப்பவர், தாதியர், சிற்றூழியர் எல்லோரும், எங்களையும் இரவில் அழைக்கிறார்களே, நாங்களும் பஸ்ஸில்தானே வருகிறோம் என்று அதே 35,000 ரூபாவைக் கேட்டார்கள். அந்நாளில் அரச சேவையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபா என்பதை நினைவிற் கொள்ளும். ஒரு தரப்பாருக்குக் கூடின படி மட்டுமே இன்னொரு தரப்பாரின் முழு அடிப்படைச் சம்பளத்திலும் பெரிதாயிருந்தது! பெப்ரவரியில் 72 தொழிற்சங்கங்கள் பணிப்புறக்கணிப்பில் இறங்கின. ஆஸ்பத்திரிகளுக்கு இராணுவத்தினர் அனுப்பப்பட்டார்கள். சிறுவர், மகப்பேறு, புற்றுநோய், சிறுநீரகச் சிகிச்சைகளுக்குத் தொழிற்சங்கங்கள் விலக்களித்திருந்தன. ஆயினும் தூர ஊர்களிலிருந்து கிளினிக்குக்கு வந்த முதியவர்கள் மருந்தின்றித் திரும்பியதை நாடு கண்டது.

அவர்கள் செய்தது சரியா? தப்பிக்கொள்ளாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. 1891இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடலில், தொழிலாளி சம்மதித்துவிட்டான் என்பதனால் மட்டும் கூலி நீதியானதாகிவிடாது, வேறு வழியின்றி அவன் சம்மதித்திருக்கக் கூடும் என்று கற்பித்தார். 1981இல் 2ஆம் அருள் சின்னப்பர் வேலைநிறுத்தம் நியாயமான ஒரு வழி என்பதை ஏற்றார். ஆனால் சமூகத்துக்கு இன்றியமையாத சேவைகள் எப்படியும் நடந்தாக வேண்டும் என்றார். இவ்விரண்டையும் சேர்த்துப் பாரும். துணி ஆலையில் வேலை நின்றால் முதலாளிக்கு நட்டம். அந்த நட்டத்தின் பயமே தொழிலாளியின் பலம். அம்புலன்ஸ் நின்றால் முதலாளிக்கு நட்டமில்லை. நட்டம் வீதியில் கிடப்பவனுக்கு. ஆகவே அந்தப் பிள்ளையிடம், உன் கையிலுள்ள ஒரே ஆயுதத்தை நீ எடுக்கக் கூடாது என்கிறோம். நானும் அப்படியே சொல்வேன். மாரடைப்பு வந்தவனின் வீட்டுக்குப் போகாமல் நிற்பதை எந்தச் சம்பளக் குறைவும் நியாயப்படுத்தாது.

ஆனால் ஆயுதத்தைக் கீழே வை என்று சொன்னவனுக்கு ஒரு கடமை பிறந்துவிடுகிறது. நிறுத்த உரிமையில்லாதவனின் கூலியை, அவன் நிறுத்தும் வரை காத்திராமல், முன்கூட்டியே நியாயமாக நிர்ணயித்தாக வேண்டும். நிறுத்தவும் கூடாது, கேட்கவும் கூடாது, கேட்டால் அது பேராசை என்பது எந்த நியாயம்? இங்கிலாந்தில் 2022 டிசெம்பரில் அம்புலன்ஸ் ஊழியர் வேலைநிறுத்தம் செய்தபோது உயிராபத்தான அழைப்புகளுக்கு மட்டும் போவதென்று ஒழுங்கு செய்துகொண்டார்கள். ஏதோ ஒரு நடுவழி. ஆனால் எது உயிராபத்து என்பதைத் தொலைபேசியில் நிச்சயிப்பது எவ்வளவு கடினம் என்பதை, நெஞ்செரிவு என்று நினைத்துப் படுத்தவரை இழந்த குடும்பங்கள் அறியும்.

இவ்விடத்தில் நம் கடற்றொழிலாளர் ஒருவர் எழுந்து, "எனக்கு யார் சம்பளம் நிர்ணயிக்கிறார்கள்? 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானதே, எனக்கு யார் படி கொடுத்தார்கள்? மாதம் பிறந்தால் காசு வருகிறவனுக்காக என்னை ஏன் அழச் சொல்லுகிறீர்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உடப்பிலும் முந்தலிலும் தொழில் இல்லாத காலத்தில் அடகுக் கடைக்குப் போகிற காதணிகள் அதற்குச் சாட்சி. ஆயினும் ஒன்று சொல்வேன். கடல் தராத நாளில் கடலைத் தவிர வேறெவரையும் குறை சொல்ல முடியாது. ஒரு சுற்றறிக்கையில் எழுதப்படுகிற சம்பளம் காற்றும் நீரோட்டமும் கொண்டு வருவதன்று. மனிதர் இருந்து யோசித்து எழுதுவது. மனிதர் எழுதினதற்கு மனிதர் பதில் சொல்ல வேண்டும். மேலும், ஒருவரின் வறுமை மற்றவரின் குறைந்த கூலிக்கு நியாயமாகாது. இருவரும் ஒரே வண்டியில்தான் போக வேண்டியிருக்கும்.

ஆரம்பச் சம்பளம் என்பதை ஒரு தனி இலக்கமாக மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதம். முந்திய ஆண்டு வேலைக்குச் சேர்ந்த ஒருவரின் சம்பளத்தில் ஒரு சதமும் குறையவில்லை. ஆனால் அரிசிக் கடையில் அது பாதியை நெருங்கிவிட்டது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச சேவையின் குறைந்த அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாவாகக் கட்டங்கட்டமாக உயரும் என்று அறிவிக்கப்பட்டது. நல்லது. ஆனால் உடனேயே மேலதிக நேரக் கொடுப்பனவைக் கணக்கிடும் முறை பற்றிச் சுகாதார ஊழியரிடையே பிணக்கு எழுந்தது. இரவும் ஞாயிறும் வேலை செய்கிறவர்களின் வீட்டில் அடுப்பெரிவது அடிப்படைச் சம்பளத்தால் மட்டுமல்ல என்பதே காரணம். படிகளுக்கு இன்னொரு குணமும் உண்டு: இளமையில் கையை நிரப்பும், முதுமையில் காணாமற் போகும். ஓய்வூதியம் கணக்கிடப்படும்போது அடிப்படைச் சம்பளமே பேசும். ஊழியர் சேமலாப நிதியில் உள்ளவருக்கும் தொழில் வழங்குநர் இடும் 12 வீதம் எந்தத் தொகையின் மீது என்பதே கேள்வி. ஊசி குத்திவிட்டால் யார் பரிசோதனை செய்விப்பது, நோயாளியைத் தூக்கி நாரி பிடித்துவிட்டால் எத்தனை நாள் சம்பளத்தோடு லீவு, இரவு முறை முடிந்த பெண்பிள்ளை எந்த வாகனத்தில் வீடு போவது என்பவையும் சம்பளத்தின் பகுதிதான். வேலைக்குச் சேரும் பிள்ளை இவற்றைக் கேட்பதில்லை. கேட்டால் இடம் போய்விடுமோ என்ற பயம். ஆரம்ப நிலையில் இருப்பவருக்கே குரல் மிகவும் குறைவு.

அப்படிப் பயந்த பிள்ளை என்ன செய்கிறது? நம் கரையின் தென்பாதி அதற்குப் பதில் வைத்திருக்கிறது. வென்னப்புவ, மாரவிலப் பக்கத்தைச் 'சின்ன இத்தாலி' என்று விளையாட்டாகச் சொல்லுகிறோம். மிலானிலோ உரோமையிலோ ஒரு முதியவரைக் குளிப்பாட்டிச் சோறூட்டினால் கிடைப்பது, இங்கே ஓர் உயிரைக் காத்தால் கிடைப்பதைப் பார்க்கிலும் பன்மடங்கு. போகிறவரை நான் குறை சொல்லேன். ஆனால் அவர் போனதும் கற்பிட்டி வீதியில் வரும் வண்டியில் யார் இருப்பார்? தமிழ் பேசுகிற ஒருவர் இருப்பது சுகத்துக்காக மட்டுமன்று. வலி எங்கே, எப்போது தொடங்கியது, என்ன மருந்து குடித்தீர் என்ற மூன்று கேள்விகளுக்குக் கண்டல்குழியில் உள்ள ஒரு பாட்டி தன் மொழியில்தான் பதில் சொல்ல முடியும். அந்த ஊர்ப் பிள்ளை அந்த வேலையில் நிலைத்திருக்கும்படி ஆரம்பச் சம்பளம் அமையாவிட்டால், வண்டி வரும், பதில் வராது.

வேலையை மதித்து ஆளை மதியாதிருப்பது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குணமன்று. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1967இல் 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்ற அம்புலன்ஸ் சேவை தொடங்கியது. வேலையற்றிருந்த கறுப்பின இளைஞரைத் தெரிந்தெடுத்து, வைத்தியர் பீற்றர் சஃபாரின் வழிகாட்டலில் பயிற்சி கொடுத்தார்கள். அதுவரை அந்நகரில் நோயாளியைப் பொலிஸ் வண்டியில் தூக்கிப் போட்டுக் கொண்டு போவார்கள்; வழியில் சிகிச்சை என்பதே இல்லை. இவ்விளைஞர் செய்து காட்டியது பிற ஊர்களுக்கு முன்மாதிரியாயிற்று. 1975இல் நகரசபை தன் சொந்தச் சேவையைத் தொடங்கி அதை மூடியது. புதிய சேவையில் அவர்களிற் பலர் ஒதுக்கப்பட்டார்கள்.

நம் கரையில் இதைவிடவும் கணக்கில் வராத ஒருவர் இருக்கிறார். கற்பிட்டிக்கு வடக்கே பத்தலங்குண்டுத் தீவில் வாடி போட்டுத் தொழில் செய்யும் குடும்பங்களில் ஒருவருக்கு நள்ளிரவில் வருத்தம் வந்தால் எந்த அம்புலன்ஸும் அங்கே போக முடியாது. அயல் வாடிக்காரர் தன் படகைத் தள்ளுகிறார். தன் மண்ணெண்ணெயை ஊற்றுகிறார். பிரசவ வேதனைப்படும் பெண்ணையோ காய்ச்சல் கண்ட பிள்ளையையோ படகில் கிடத்தி, இருட்டில் அலையைப் பார்த்து ஓட்டி வந்து கற்பிட்டித் துறையில் சேர்க்கிறார். மறுநாள் தொழில் இல்லை. வண்டி வருவது துறை வரைக்கும்தான். அதற்கு முந்திய கடல்வழி முழுவதும் அவருடையது. அவருக்குச் சம்பளம் நிர்ணயிக்க இயலாது, அவரும் கேட்கமாட்டார். ஆனால் அந்த ஓட்டத்துக்கான எண்ணெய்ச் செலவையாவது திருப்பிக் கொடுக்கவும், முதலுதவியில் அவருக்குச் சில நாட்கள் பயிற்சி தரவும் பிரதேச சபையோ, கடற்றொழிலாளர் சங்கமோ, அல்லது நாமோ ஏன் இதுவரை கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை?